விடை தேடும் பாட்டு: யுக்தி, உள்ளுணர்வு, சிரத்தை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



சமயமும் பகுத்தறிவும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பன என்று ஒரு சாராரும், இரண்டுக்கும் இடையே பகையே இல்லை என்று மற்றொரு சாராரும் மேடைதோறும் பேசிவரும் இக்காலத்தில், அவ்விவாதத்தில் நேராகப் புகாமல், நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே பாட்டுக்குள் வைத்து அமைத்த ஓர் இலக்கிய வகையை எடுத்து அதன் இயல்பை ஆராய்வது பயனுடையது என்று கருதி, புதிர்ப் பாடல்களை இன்றைய பேச்சின் பொருளாகக் கொண்டேன். சொற்பொழிவில் இடம்பெற்ற சில கிளைச் செய்திகளை அச்சுக்காக நீக்கியிருக்கிறேன். வாதத்தின் போக்கு அவ்வாறே நிற்கிறது.

சித்தர்களும் யோகியரும் பாடிவைத்த மறைமொழிப் பாடல்களைக் காணும் படித்தவர்களில் பெரும்பாலோர், அவை அறிவை மயக்குவதற்கென்றே செய்யப்பட்டவை என்றும், சிந்திப்பதை நிறுத்திவிட்டு நம்பு என்பதே அவற்றின் உபதேசம் என்றும் எண்ணுகின்றனர். அப்பாடல்களைப் போற்றுவோரும் பல சமயங்களில் இதே கருத்தையே பெருமையாக எடுத்துரைக்கின்றனர். இவ்விரு திறத்தாரோடும் நான் மாறுபடுகிறேன். யுக்தி தளர்ந்தவனிடம் இப்பாடல்கள் பேசுவதேயில்லை என்பதும், யுக்தி உறுதியாக உள்ளவனையே அவை அழைத்து அவன் எல்லைவரை நடத்திச் செல்கின்றன என்பதும், அவ்வெல்லையில் விடை காட்சியாகத் தோன்றும்வரை அவனைத் தாங்கி நிற்பதே சிரத்தை என்பதும் நான் நிறுவ விரும்பும் கருத்து.

1. புதிரின் உள்ளே நிகழ்வது

தொல்காப்பியத்துச் செய்யுளியல், யாப்பு நிகழும் இடங்களை எழுவகையாகப் பகுத்து, பாட்டு, உரை, நூல் என்பவற்றின்பின் மந்திரம் என்று பொருள் கொள்ளப்படும் வாய்மொழியையும், அதற்கு அடுத்தபடியே பிசியையும் வைக்கிறது. நாம் இன்று விடுகதை என்றும் நொடி என்றும் வழங்குவதற்கே அந்நாளைப் பெயர் பிசி. உவமையைத் துணையாகக் கொண்டு பிறப்பது ஒன்று, தோன்றுவதைச் சொல்லி அதனால் பொருளைத் துணியச் செய்வது மற்றொன்று என அதனை இரண்டாக வகுத்தார் ஆசிரியர். பிறையை வாயில் கவ்விக்கொண்டு மலையொன்று நடந்து செல்வதாகச் சொல்லி யானையைக் குறிக்கும் பழம் பிசியைப் பேராசிரியர் தம் உரையில் எடுத்துக்காட்டுகிறார்.

பழம் பிசிகளைச் சிதைக்க மனமில்லாமையால், ஆராய்ச்சிக்கென்று நானே ஒரு வெண்பாவைக் கட்டிக்கொண்டு வந்தேன்:

காலையிலே நெட்டுயரம் கட்டை நடுப்பகலில்
மாலையிலே மீண்டும் வளர்ந்துவிட்டான் – வேலையின்றி
என்னோ டலைந்தும் இருள்வந்த வேளையிலே
சொன்னானா போகுமுன்னே சொல்.

அவையில் முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, ஈற்றடி முடியுமுன்னரே ‘நிழல்’ என்று விடை கூறிவிட்டார். அவ்விடை எவ்வாறு பிறந்தது என்பதைச் சற்று நின்று பாருங்கள். காலையில் உயர்ந்தும் நண்பகலில் குறுகியும் மாலையில் மீண்டும் வளர்ந்தும் நிற்கும் மனிதன் உலகில் இல்லை என்று முதலில் யுக்தி விலக்குகிறது. பொழுதோடு மாறுவது எது என்று தேடுகிறது. தேடிக்கொண்டிருக்கும்போதே, படிப்படியாக வந்து சேர்ந்ததாகச் சொல்ல முடியாத வகையில், விடை ஒரு கணத்தில் முழுமையாகத் தோன்றுகிறது. அத்துடன் காரியம் முடியவில்லை. உடன் அலைவது பொருந்துகிறதா, இருளில் பிரிவது பொருந்துகிறதா என்று யுக்தியே திரும்பி வந்து ஒவ்வோர் அடியையும் விடையோடு ஒத்துப் பார்க்கிறது. ஓர் அடி பொருந்தாவிடினும் விடை தள்ளப்படும். இடையில் மின்னியதை உள்ளுணர்வு என்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் காவல் நிற்பது யுக்தியே.

இவ்விரண்டையும்விட முந்தியது ஒன்று உண்டு. அது கண்ணுக்குப் படாமல் இருப்பதால் நாம் அதனை எண்ணுவதில்லை. புதிரைக் கேட்ட ஒருவன் மூளையை வருத்திக்கொள்ளத் தொடங்குவதே, இதற்கு விடை உண்டு, போட்டவன் என்னை ஏமாற்றவில்லை என்ற உறுதியினால்தான். அவ்வுறுதிக்கு அப்போது அவனிடம் சான்று ஏதும் இல்லை. விடை கிடைத்த பின்னரே அவ்வுறுதி நியாயமாயிருந்தது என்பது தெரியவரும். சிரத்தை என்று பெரியோர் கூறியதன் மிகச் சிறிய வடிவம் இது என்று நான் துணிகிறேன்.

2. தீர்க்கதமஸின் இருவகைப் புதிர்கள்

ருக்வேதத்தின் முதல் மண்டலத்து 164-ஆம் சூக்தம் தீர்க்கதமஸ் என்னும் ரிஷியின் பெயரில் வழங்குவது. பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர் என்று பாரதம் கூறும் அந்த ரிஷியின் 52 மந்திரங்களில் பெரும்பான்மையானவை புதிர்கள். அவற்றுள் ஒன்று, பன்னிரண்டு ஆரங்களோடு வானத்தைச் சுற்றிச் சுழன்றும் தேயாத ஒரு சக்கரத்தையும், அதன்மேல் இணை இணையாக நிற்கும் 720 புதல்வர்களையும் காட்டுகிறது. ஆரங்கள் மாதங்கள், புதல்வர்கள் 360 பகலும் 360 இரவும், சக்கரம் ஆண்டு. எண்ணத் தெரிந்த எவனும் இவ்விடையை அடையலாம். அடைந்தபின் அதனைப் பற்றி ஒருவரோடொருவர் வாதிட இடமில்லை.

அதே சூக்தத்தில் சில மந்திரங்கள் கழித்து மற்றொரு புதிர் வருகிறது. நட்புடைய இரண்டு பறவைகள் ஒரே மரத்தைத் தழுவி அமர்ந்திருக்கின்றன. ஒன்று இனிய கனியை உண்கிறது, மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே எண் இல்லை, பொழுது இல்லை, கணக்கிட்டு முடிக்க வழி இல்லை. முண்டகமும் சுவேதாசுவதரமும் ஆகிய உபநிஷதங்கள் இம்மந்திரத்தை எடுத்தாண்டு ஜீவனையும் ஈசனையும் பற்றிய உபதேசத்தோடு இணைத்தன. மத்வர் இதனையே ஜீவேசுவர பேதத்துக்குப் பெரும் ஆதாரமாகக் கொண்டார். சங்கரரோ, பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் அப்பொருளைக் கூறியதோடு, பைங்கி ரகசிய பிராமணத்தைத் துணைகொண்டு, உண்ணும் பறவை அந்தக்கரணம் என்றும் காணும் பறவை க்ஷேத்ரஜ்ஞன் என்றும் கொள்ளும் பொருளையும் எடுத்துக்காட்டினார். கூர்மையான தர்க்கம் பயின்ற ஆசாரியர்கள், ஒரே மந்திரத்தைப் பல நூற்றாண்டுகள் வாதித்தும் ஒரு முடிவில் ஒன்றுபடவில்லை.

இவ்விருவகைப் புதிர்களையும் ஒரே ரிஷி ஒரே சூக்தத்தில் வைத்தது எனக்கு மிகவும் முக்கியமாகப்படுகிறது. அவர் கணக்கறியாதவராக இருந்து பறவைகளிடம் தஞ்சம் புகவில்லை. ஆண்டின் பகலையும் இரவையும் பிழையின்றி எண்ணி முடித்த அதே உள்ளம், எண்ணால் அடைய முடியாத இடத்தைக் கண்டபோது, அறியாதவனாகிய நான் அறிந்தவர்களைக் கேட்கிறேன் என்ற கருத்தில் வெளிப்படையாக வணங்கிக் கேட்கிறது. தான் எதுவாக இருக்கிறோம் என்பதே தனக்குத் தெரியவில்லை என்றும் பிறிதோரிடத்தில் சொல்கிறது. இந்தப் பணிவு யுக்தியை நன்கு பயன்படுத்தியவனுக்கு மட்டுமே வாய்க்கும் பணிவு என்பதை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

3. பொய்கைக் கரையில்

அசுவமேத யாகத்தில் ருத்விக்குகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் புதிர் வினாக்களுக்குப் பிரம்மோத்யம் என்று பெயர். தனியே சஞ்சரிப்பவன் யார், மீண்டும் பிறப்பவன் யார், குளிருக்கு மருந்து எது என்ற வினாக்களும், சூரியன், சந்திரன், அக்னி என்ற விடைகளும் சுக்ல யஜுர் வேதத்தில் உள்ளன. இதே வினாக்கள் பாரதத்தில் வனபர்வத்தின் இறுதியில் யக்ஷன் வாயிலிருந்து மீண்டும் கேட்கப்படுகின்றன. யாகசாலையில் இருந்த புதிர், தாகமும் சாவும் நிறைந்த ஒரு பொய்கைக் கரைக்கு வந்து சேர்கிறது. தமிழில் வில்லிபுத்தூரார் இந்நிகழ்ச்சியை வேறுவிதமாக நச்சுப்பொய்கைச் சருக்கத்தில் அமைத்திருக்கிறார்; நான் வடமொழி வியாச பாரதத்தின் போக்கையே இங்கே கொள்கிறேன்.

வழி எது என்ற வினாவுக்கு யுதிஷ்டிரன், தர்க்கம் நிலைகொள்ளாதது, சுருதிகள் வேறுபடுகின்றன, எந்த ஒரு முனிவரின் கொள்கையும் இறுதிப் பிரமாணமாகாது, தர்மத்தின் உண்மை குகையில் மறைந்திருக்கிறது, ஆதலால் பெரியோர் சென்ற பாதையே வழி என்று விடையளித்தான். இவ்விடையை எடுத்துக்காட்டித் தர்க்கத்தை இகழ்வோர் உளர். அவர்கள் கதையைத் தொடர்ந்து படிப்பதில்லை. விடைகளால் மகிழ்ந்த யக்ஷன், மாண்டு கிடந்த தம்பியர் நால்வரில் ஒருவனைத் தேர்ந்துகொள்ளச் சொன்னபோது, பீமனும் அருச்சுனனும் இருக்க நகுலனை வேண்டினான் யுதிஷ்டிரன்; குந்திக்கு நான் ஒருவன் எஞ்சியிருப்பதுபோல் மாத்ரிக்கும் ஒருவன் எஞ்ச வேண்டும் என்று காரணமும் கூறினான். இது பெரியோர் சென்ற பாதையை மேற்கோள் காட்டிய விடையா? எந்தச் சாஸ்திரத்தையும் அவன் அங்கே துணைக்கு அழைக்கவில்லை. இரண்டு தாய்மாரையும் ஒருநிகராக வைத்து எண்ணிய சமநோக்கே அங்கே பேசியது. யக்ஷன் தர்மதேவதையாக வெளிப்பட்டதும், நால்வரும் உயிர்பெற்றதும் அவ்விடைக்குப் பின்னரே. அத்தனை புதிர்களுக்கும் விடை கூறியவனை அவ்விடைகளை மட்டும் கொண்டு யக்ஷன் முற்றும் ஏற்றுக்கொள்ளவில்லை. விடை அவனுக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை ஒரு செயலால் சோதித்தான்.

4. கத்தரி விதையும் பாகற்கொடியும்

பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் சூனிய சம்பாஷணை என்னும் பகுதி முழுவதும் மறைமொழிப் பாடல்களால் ஆனது. அவற்றுள் மிகவும் பெயர்பெற்ற பாடலில், கத்தரி விதையை இட்ட நிலத்தில் பாகல் முளைக்கிறது. புழுதியைத் தோண்டினால் பூசணி பூக்கிறது. தோட்டத்துக் குடிகள் வணங்கி ஓடிப்போக, வாழை முழுமையாகக் கனிகிறது. கத்தரி யோகப் பயிற்சி, கசக்கும் பாகல் வைராக்கியம், புழுதியைத் தோண்டுவது தத்துவ ஆராய்ச்சி, பூசணி சிவம், தோட்டத்துக் குடிகள் இந்திரியங்கள், வாழைக்கனி ஆன்மா பெறும் பேறு என்று பொருள் உரைப்பர்.

இப்பொருளைக் காட்டிலும் என் சிந்தனையை ஈர்ப்பது பாட்டின் அமைப்பு. காரணத்தில் இல்லாதது காரியத்தில் தோன்றாது என்னும் சற்காரிய வாதத்தைச் சைவ சித்தாந்தம் தன் அடிப்படைகளில் ஒன்றாகக் கொண்டது. உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்பதை நிறுவும் இடத்திலேயே சித்தாந்திகள் இவ்வாதத்தைத் துணைகொள்வர். அத்தகைய மரபு தன் திருமுறையாகப் போற்றும் நூலில்தான் கத்தரி விதை பாகலாக முளைக்கிறது. விதைத்ததே விளையும் என்பதில் உறுதி இல்லாதவன் இப்பாட்டைக் கேட்டால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எதிலிருந்தும் எதுவும் வரலாம் என்று இருப்பவனுக்குக் கத்தரியிலிருந்து பாகல் வருவதும் ஒரு செய்தியாகாது. காரண காரிய நியதியை இறுகப் பற்றியவன்தான் இங்கே திடுக்கிட்டு நிற்பான். நின்றவன், வெளிப்பொருளில் நியதி முறிந்தது என்றால் இச்சொற்கள் வேறு ஏதோ ஒரு தளத்தில் நியதியோடு பொருந்தவேண்டும் என்று தேடத் தொடங்குவான். பயிற்சியிலிருந்து முதலில் கசப்பான துறவுணர்ச்சியும், ஆராய்ச்சியிலிருந்து சிவமும் தோன்றுவது அத்தளத்தில் முறையாகவே நிகழ்கிறது. பாட்டு யுக்தியை முறிப்பதுபோல் காட்டி, அதனை மேலும் ஒரு படி வேலை வாங்குகிறது.

வங்கநாட்டுச் சித்தர்களின் சர்யா கீதங்களிலும் இத்தகைய தலைகீழ்க் காட்சிகள் நிறைந்திருப்பதை, ஹரப்பிரசாத் சாஸ்திரி 1907-இல் நேபாளத்தில் அவற்றின் சுவடியைக் கண்டு 1916-இல் பதிப்பித்தபோது உலகம் அறிந்தது. அச்சுவடியில் பாடல்களோடு முனிதத்தரின் ஸம்ஸ்கிருத உரையும் இருந்தது. தலைகீழாகப் பாடிய மரபினரும் சொல்லுக்குச் சொல் பொருள் விளக்கும் உரையை வேண்டினர் என்பதே நாம் இங்கே கவனிக்கத்தக்கது.

5. கேட்பவனே விடையாகும் புதிர்

கடுவெளிச் சித்தர் பாடலை அறியாத தமிழர் அரியர். பாபம் செய்யாதிருக்குமாறு மனத்துக்குக் கூறும் அந்நெடும் பாட்டின் நடுவே, நந்தவனத்தில் இருந்த ஆண்டி ஒருவன் நாலும் ஆறுமாகிய மாதங்கள் குயவனை வேண்டி ஒரு தோண்டியைப் பெற்றுவந்து, அதை வைத்துக் கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. நாலும் ஆறும் கூட்டினால் பத்து. பத்து மாதம் என்றதும் கருவாசம் நினைவுக்கு வருகிறது. கருவாசம் என்றதும் குயவன் படைப்போன் ஆகிறான், தோண்டி உடல் ஆகிறது, ஆண்டி உயிர் ஆகிறது. தொல்காப்பியர் வகுத்த இருவகைப் பிசியும் ஒருங்கே அமைந்த பாட்டு இது. உவமையும் உண்டு, கணக்கிட்டுத் துணிவதற்கு எண்ணும் உண்டு.

இவ்விடையைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். சொன்னபின் என்ன நிகழ்கிறது? நிழல் என்ற விடை கிடைத்ததும் என் வெண்பா தீர்ந்துபோகிறது. அதனை மீண்டும் ஒருமுறை ஓதுவதற்குக் காரணம் இல்லை. ஆண்டியின் பாட்டோ விடை தெரிந்த பின்னும் தீரவில்லை. மனிதர்கள் அரிதிற் பெற்ற உடலை வீணாக்குகிறார்கள் என்ற பொதுவுண்மையாக அவ்விடை நம்மிடம் பல ஆண்டுகள் தங்கியிருக்கிறது. ஒரு நாள், நோயிலோ இழப்பிலோ, காரணமே தெரியாத ஓர் அமைதியிலோ, அந்த ஆண்டி நான், உடைந்துகொண்டிருப்பது என் தோண்டி என்று அது தைக்கிறது. சொற்களில் புதிதாக ஒன்றும் சேரவில்லை; அநுமானத்தில் ஒரு படியும் கூடவில்லை. படர்க்கையில் இருந்த விடை தன்மைக்கு மாறிவிட்டது. சமயப் புதிர்களில் உள்ளுணர்வு என்று நான் சொல்வது இம்மாற்றத்தையே.

எதுகைக்கும் மோனைக்கும் இங்கே உள்ள பணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இலக்கண ஆசிரியர்கள் அவற்றைத் தொடையழகு என்று கூறி நிறுத்திவிடுகின்றனர். முதல் விடைக்கும் இரண்டாவது விடைக்கும் இடையே முப்பது நாற்பது ஆண்டுகள் செல்லலாம். அத்தனை காலமும், முழுதும் விளங்காத ஒரு கருத்தை மனிதன் எதனால் சுமந்துகொண்டிருப்பான்? வசனத்தில் சொல்லப்பட்ட உபதேசமாயின் கேட்ட மாதமே மறந்திருப்பான். ஓசை ஒன்றோடொன்று பின்னி நிற்பதால் சொற்கள் உதிர்வதில்லை. உழவு நடக்கும் வயலிலும் ஏற்றம் இறைக்கும் கிணற்றடியிலும் எழுத்தறியாதவர் வாயிலும் பாட்டு தங்குகிறது. நிலத்தடியில் மழைக்குக் காத்திருக்கும் வித்தைப் போலப் பாட்டு நினைவில் காத்திருக்கிறது. விளங்காததை உதறிவிடாமலும், விளங்கிவிட்டதாகப் பொய் சொல்லாமலும் வைத்துக்கொண்டிருப்பதுதான் சிரத்தை என்றால், தொடையமைப்பு அச்சிரத்தையின் கருவி.

6. ஓர் ஆட்சேபம்

இவ்வாறெல்லாம் கூறினால், எந்தப் பிதற்றலையும் மறைமொழி என்று சொல்லி ஒருவர் விற்றுவிடலாமே, கண்டேன் என்று ஒருவர் கூறிவிட்டால் அதனை யார் மறுப்பது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இது. சமயத்தில் பற்றுடையவர்களே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நம் மரபு இதனை எண்ணாமல் விட்டுவிடவில்லை. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரையும் கேட்கும் காதையில், அளவைவாதி பத்துப் பிரமாணங்களை அடுக்குகிறான். காஞ்சியில் அறவண அடிகளோ காட்சி, கருத்து என்ற இரண்டே போதும் என்கிறார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகள் பலவற்றையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கி, அவற்றுள் காட்சியை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுத்தார். இதே நான்கு வகையைப் பௌத்த தர்க்க ஆசாரியராகிய தர்மகீர்த்தி தம் நியாயபிந்துவில் வகுத்திருக்கிறார் என்பதையும், சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரை வன்மையாக மறுத்தவர் அருணந்தியார் என்பதையும் சேர்த்து நினைத்தால், எதிரிகளாக நின்ற இரு தரிசனங்களும் இவ்விஷயத்தில் ஒரே பாகுபாட்டை ஏற்றிருந்தது வியப்பைத் தருகிறது.

தர்மகீர்த்தி யோகக் காட்சிக்கு இட்ட நிபந்தனை நம் ஆட்சேபத்துக்கு நேரான மறுமொழி. உண்மையான பொருளை இடைவிடாது பாவனை செய்து, அப்பாவனை தன் உச்சத்தை எட்டும்போது பிறப்பதே யோகியின் ஞானம் என்றார் அவர். பாவனை எவ்வளவு தீவிரமாயிருந்தாலும், எடுத்துக்கொண்ட பொருள் மெய்யாக இல்லாவிடில் விளைவது பிரமையே. காமத்தாலும் சோகத்தாலும் மதியிழந்தவர்கள் இல்லாததை எதிரே நிற்பதாகத் தெளிவாகக் காண்பதை அவரே பிரமாண வார்த்திகத்தில் எடுத்துக்காட்டுகிறார். ஆகவே தெளிவாகத் தோன்றுவதனாலேயே ஒரு காட்சி மெய்யாகிவிடாது. பொருள் முன்னரே பிரமாணத்தால் துணியப்பட்டிருக்க வேண்டும். புதிரில் விடை மின்னியபின் ஒவ்வோர் அடியையும் ஒத்துப் பார்த்தோமே, அதே கடமை இங்கேயும் உண்டு. கண்டேன் என்பவரிடம், உம் விடை பாட்டின் எல்லா அடிகளுக்கும் பொருந்துகிறதா, யக்ஷன் கேட்டதுபோல் உம் ஒழுக்கத்தில் அது இறங்கியிருக்கிறதா என்று வினவுவது நாஸ்திகம் ஆகாது. அவ்வினாவுக்குச் சினப்படுபவரிடம் உள்ளது விடையன்று என்பதே என் துணிபு.

இதற்கு மறுதலையும் உண்டு. எல்லா அடிகளும் பொருந்தக்கூடிய விடைகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கலாம். இரண்டு பறவைகளின் மந்திரத்தில் அதைக் கண்டோம். அங்கே யுக்தி தவறான விடைகளைக் களையுமேயன்றி, எஞ்சியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து தராது. ஆசாரியர்கள் தத்தம் தரிசனத்துக்கும் அநுபவத்துக்கும் ஏற்பத் தேர்ந்தனர். அத்தேர்வைத் தர்க்கத்தின் முடிவாக ஒரு தரப்பார் மற்றவர்மேல் சுமத்த முற்பட்ட இடங்களிலேயே சமயப்பூசல் கடுமையாயிற்று.

7. பதிப்பாளர்க்கும் ஆசிரியர்க்கும்

இறுதியாக ஒரு விண்ணப்பம். பள்ளிப் பாடநூல்களிலும் மலிவுப் பதிப்புகளிலும் சித்தர் பாடல் ஒன்றை அச்சிட்டவுடன், தோண்டி என்றால் உடல், குயவன் என்றால் கடவுள் என்று அடியிலேயே விடைப்பட்டியல் தரும் வழக்கம் பரவியிருக்கிறது. மாணவன் பாட்டைப் படிக்குமுன் பட்டியலைப் படித்துவிடுகிறான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறான். தேட வேண்டிய யுக்திக்கும் வேலை இல்லை, காத்திருக்க வேண்டிய சிரத்தைக்கும் இடம் இல்லை. ஒரு வகுப்பு நேரம் முழுவதையும் விடையின்றி விட்டுவிட ஆசிரியர்கள் துணிய வேண்டும். பிள்ளைகள் தவறான விடைகளைச் சொல்லட்டும், ஏன் தவறு என்று அவர்களே அடியடியாகப் பொருத்திக் காட்டட்டும்.

சூனிய சம்பாஷணைக்கு இதுவரை உரைகண்டோர் கூறிய பொருள்கள் அனைத்தையும், மாறுபாடுகளை மறைக்காமலும் ஒன்றை மட்டும் உயர்த்திவிடாமலும், ஒருங்கே தொகுத்து ஒரு பதிப்பு வெளிவர வேண்டும். அதில் மூலப் பாடல்கள் மட்டும் முதற்பகுதியாகத் தனியே நிற்க, உரைகள் யாவும் இரண்டாம் பகுதியில் அமையட்டும். முதற்பகுதியைப் படிப்பவர் இரண்டாவதைத் திறக்குமுன் தம் விடையை எழுதிப் பார்க்கும்படி ஒவ்வொரு பாடலுக்கும் எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு அச்சிட வேண்டும் என்றும் இவ்வறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான ஒப்பீட்டுப் பணியில் என்னால் இயன்ற உழைப்பைத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.